தைப்பூச மலருக்குக் கட்டுரை: கெடு நெருங்கும்போது எழுத்து நின்றுபோனால்

தைப்பூச மலருக்கு ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று. நாளை இரவு கெடு. திரையில் தலைப்பு மட்டும் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு வாக்கியத்தை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தே ஒரு மணி நேரம் போய்விட்டது. மொரீஷியஸில் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "எனக்குத் தமிழ் போதாது." பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள்கூட இப்படிச் சொல்வதுண்டு.

அப்படி நினைக்க வேண்டியதில்லை. கெடு வைத்து எழுதும்போது கை நின்றுபோவது பெரும்பாலும் ஏதோ ஒரு முடிவை எடுக்காமலே எழுத உட்கார்ந்துவிட்டதால்தான். யாருக்கு எழுதுகிறோம், எதை விடப்போகிறோம், எத்தனை சொல், எந்த நடை என்பவற்றில் ஒன்று தொங்கலில் இருந்தாலும் முதல் வாக்கியம் அதையெல்லாம் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். எந்த வாக்கியத்தாலும் அது ஆகாது. தொங்கலில் இருப்பது எது என்று கண்டுபிடித்து அதை முடித்துவிட்டால் எழுத்து தானாக நகரும். கீழே உள்ள வழிமுறை கோயில் மலரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பள்ளி ஆண்டுமலர், சித்திரைப் புத்தாண்டு உரை, வானொலிப் பேச்சு ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் தொலைபேசி

எழுதத் தொடங்கும் முன் மலர்க்குழுவில் கட்டுரைகளைச் சேர்ப்பவரைக் கூப்பிடுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், பதில் வரும்வரை காத்திருப்பதே எழுதாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகிவிடும். நான்கு கேள்விகள் போதும். எத்தனை சொல்? படம் வருமா, வராதா? அச்சகத்துக்குக் கோப்பு உண்மையில் எந்த நாள் போகிறது? அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்வி வேண்டாத விசாரணை போலத் தோன்றும். ஆனால் அதுதான் பல கட்டுரைகளைக் காப்பாற்றுகிறது. எதிர்ப்பக்கத்தில் கோயில் வரலாறு வருகிறதென்றால் நீங்கள் வரலாற்றைத் தொடவே வேண்டியதில்லை. பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

அச்சகத் தேதியைக் கேட்பது கெடுவை நீட்டிக்க அல்ல, நாள்களைச் சரியாக எண்ண. தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று ஆண்டுதோறும் நகர்கிறது. கொடியேற்றம் அதற்குப் பத்து நாள் முன்பு. மலர் கொடியேற்றத்தன்று கையில் இருக்க வேண்டும் என்றுதான் எல்லாக் கோயில்களும் ஆசைப்படும். நடுவில் கிறிஸ்துமஸ், பிறகு ஜனவரி 1, 2 இரண்டும் அரசு விடுமுறை. அச்சகங்களில் ஆள் குறைந்திருக்கும் காலம் அது. ஜனவரியில் தைப்பூசம் வரும் ஆண்டில் டிசம்பர் முதல் வாரத்தைக் கெடுவாக மலர்க்குழு சொல்வது அதனால்தான். "இன்னும் ஏழு வாரம் இருக்கிறதே" என்ற எண்ணம்தான் கடைசி இரவுத் தடைக்கு விதை.

பள்ளிக்கூடக் கட்டுரையை மறந்துவிடுங்கள்

1980இல் மைக் ரோஸ் என்ற அமெரிக்க எழுத்துக்கல்வி ஆய்வாளர், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேரை நேர்கண்டு ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். ஐந்து பேர் எழுத உட்கார்ந்தால் நின்றுபோகிறவர்கள். ஐந்து பேர் நிற்காதவர்கள். இரு சாராரும் திறமையானவர்கள்தான். நின்றுபோனவர்கள் யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த விதிகளைத் தளர்த்தவே முடியாத சட்டம்போலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாக்கியமே வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

நம்மிடமும் அப்படி ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முன்னுரையில் ஒரு குறள். முடிவுரையில் "எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக." தேர்வுத்தாளில் மதிப்பெண் வாங்க இது உதவியது. மலரில் இருபது கட்டுரைகள் இருந்தால் இருபதும் இப்படியே தொடங்கி இப்படியே முடியும். மலர் ஆசிரியர் இடம் போதாமல் வெட்டும்போது முதலில் போவதும் இந்த இரண்டு பத்திகள்தாம். எப்படியும் வெட்டுப்படப்போகும் பத்தியை எழுத முடியாமல் ஓர் இரவை இழக்க வேண்டுமா?

முன்னுரையையும் முடிவுரையையும் இன்று எழுத மாட்டேன் என்று தாளில் எழுதி வையுங்கள். கட்டுரை நடுவிலிருந்து தொடங்கட்டும். முடிந்த பிறகு படித்துப் பார்த்தால் முன்னுரை தேவையா என்று தெரியும். பத்துக்கு எட்டு முறை தேவைப்படாது.

வரலாற்று ஆண்டுகளும் அப்படித்தான். 1735இல் ஆளுநராக வந்த மஹே தெ லா பூர்தொனே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தது, 1834இல் ஒப்பந்தக் கூலிகளின் வருகை பெருமளவில் தொடங்கியது, 2006இல் போர்ட் லூயிஸில் அந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இவை எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். ஆனால் உங்கள் கட்டுரை தைப்பூச விருந்தின் ஏழு கறி பற்றியது என்றால் இவற்றில் எதையும் சொல்லாமலே அதை எழுதலாம். தொடங்கத் தெரியாதபோது கை தானாக 1834ஐ நோக்கிப் போகும். போனால், எதைப் பற்றி எழுதுகிறோம் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்று புரிந்துகொண்டு திரும்பி வாருங்கள்.

எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

ஒரு வெற்றுத்தாளில், பேனாவால், "இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு ஒருவர் வீட்டில் போய் என்ன சொல்ல வேண்டும்?" என்று எழுதி அதற்குக் கீழே ஒரே வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

பதிலே வரவில்லை என்றால் பொருள் இன்னும் அகலமாக இருக்கிறது. "மொரீஷியஸில் தைப்பூசம்" என்பது கட்டுரைப் பொருள் ஆகாது. அது ஒரு நூலகம். அதைக் காவடி கட்டும் மூங்கில் என்றோ, பால்குடம் எடுக்கும் பாட்டிமார் என்றோ, கோயில் சமையற்கட்டு என்றோ குறுக்குங்கள். 600 சொல் என்பது வாய்விட்டுப் படித்தால் ஏறக்குறைய ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் ஒரு மனிதரிடம் சொல்லி முடிக்கக்கூடிய அளவுக்குப் பொருள் சிறுக்க வேண்டும்.

மூன்று பதில் வந்தால் மூன்று கட்டுரைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடுத்த ஆண்டுக்கென்று வேறு தாளில் குறித்துவிடுங்கள். தூக்கிப் போடச் சொன்னால் மனம் ஒப்பாது. ஒதுக்கி வைக்கச் சொன்னால் ஒப்பும்.

பதில் தெளிவாக வந்தும் எழுத்து வரவில்லையா? அப்படியானால் தடை நடையில் இருக்கிறது. இந்தத் தீவில் மிகப் பலருக்கு நேர்வது இதுதான், ஆகவே அடுத்த பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

கிரியோலில் பேசி, தமிழில் எழுதுவது

வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, அலுவலகக் கடிதத்தில் ஆங்கிலம், பள்ளியிலும் கோயிலிலும் தமிழ். இப்படி வாழ்கிற ஒருவர் நேரடியாக இலக்கணத் தமிழில் யோசித்து எழுத முயன்றால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறார். என்ன சொல்வது என்பது ஒரு வேலை. அதை எந்தச் சொல்லில், எந்த வேற்றுமை உருபோடு, எந்த ஒற்றோடு சொல்வது என்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை முதல் வேலையை மிதித்துவிடுகிறது. ஒரு நல்ல செய்தி நினைவுக்கு வரும். அதற்கு "ற" வா "ர" வா என்று யோசிப்பதற்குள் செய்தி மறைந்துவிடும். இரண்டையும் பிரித்துச் செய்தால் இரண்டும் எளிது.

கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விடுங்கள். எதிரில் ஒருவர் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் ஒருவரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டு, பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். அவர் அந்தக் கோயிலுக்கு வராதவராக இருக்க வேண்டும். க்யூர்பிப் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவராக இருக்கலாம், வேறு மதத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவரிடம் பேசினால் "அதான் உனக்குத் தெரியுமே" என்று நல்ல பகுதிகளைத் தாண்டிவிடுவீர்கள். தெரியாதவர் "ஏன்?" என்று கேட்பார். அந்த "ஏன்"களுக்குச் சொல்லும் பதில்தான் கட்டுரை.

எட்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எந்த மொழி வாயில் வருகிறதோ அதில் பேசுங்கள். கிரியோலும் தமிழும் கலந்து வரட்டும்.

பிறகு பதிவைக் கேட்டுக்கொண்டே பெயர்ச்சொற்களையும் வினைகளையும் மட்டும் தாளில் குறியுங்கள். முழுதாக எழுதி எடுக்க வேண்டாம். எழுதி எடுத்தால் கிரியோல் வாக்கிய அமைப்பு அப்படியே தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினைந்து முதல் இருபது குறிப்புகள் கிடைக்கும். பதிவை அணைத்துவிடுங்கள். இனி அந்தத் தாளை மட்டும் பார்த்துத் தமிழில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. காவடி இறங்கியபின் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியைப் பற்றிய கட்டுரை. பேசாமல் எழுதினால் முதல் வாக்கியம் இப்படி வரும்:

"மொரீஷியஸ் வாழ் தமிழர்களின் பண்பாட்டு வாழ்வில் தைப்பூசப் பெருவிழாவின் அன்னதானம் தலைசிறந்த இடத்தைப் பெற்று விளங்குகிறது."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு அடுத்து என்ன எழுதுவது? ஒன்றும் பிடிபடாது. இந்த வாக்கியத்துக்குள் ஆள் இல்லை, பொருள் இல்லை, நேரம் இல்லை. இந்த மாதிரி வாக்கியத்துக்குப் பிறகுதான் எல்லோரும் நின்றுபோகிறார்கள். அதே ஆள் தோழியிடம் பேசியபோது குறித்த தாளில் இருப்பவை: பலாக்காய், எண்ணெய், கத்தி, முதல் நாள் இரவு, விறகு, ஜிரோமோன் (பூசணி) குழைந்துபோவது, ரசோன் (ரசம்) கடைசியில். அதிலிருந்து:

"பலாக்காய் நறுக்க உட்காருகிறவர்கள் முதலில் உள்ளங்கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அதன் பால் விரலிடுக்கில் ஒட்டி, மறுநாள் காவடி தூக்கும்போதும் பிசுபிசுக்கும். இந்த வேலை முதல் நாள் இரவே நடக்கும்."

அடுத்த வாக்கியம் தானாக வரும்: யார் நறுக்குவார்கள், ஏன் முதல் நாள், காலையில் எது. இந்தப் பத்தியில் ஓர் அருஞ்சொல்லும் இல்லை என்பதையும் கவனியுங்கள். தமிழ் போதவில்லை என்று கவலைப்பட்ட அதே ஆளிடம் இதற்கு வேண்டிய தமிழ் முழுவதும் இருந்தது.

வீட்டில் எல்லோரும் ரசோன் என்றுதான் சொல்கிறார்கள் என்றால் ரசோன் என்றே எழுதுங்கள். அகராதியில் இன்னொரு சொல் தேடப் போவது இந்தக் கட்டத்தில் தப்பித்தல். ஆசிரியர் மாற்ற விரும்பினால் அவர் மாற்றிக்கொள்வார்.

முதல் வரைவு: அழிக்காமல்

காகிதத் துண்டுகள் ஆறு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பத்திக்குரிய குறிப்பு. ஒரு பத்தி ஏறக்குறைய 100 சொல் என்றால் ஆறு துண்டு 600 சொல்லாகிவிடும். வரிசை பற்றி இப்போது நினைக்க வேண்டாம். எது மிக எளிதோ அதை முதலில் எழுதுங்கள். வரிசையைக் கடைசியில் துண்டுகளை மேசையில் நகர்த்தித் தீர்மானிக்கலாம்.

25 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதி, 5 நிமிடம் எழுந்து நடப்பது பலருக்கு ஒத்துவருகிறது. அந்த 25 நிமிடத்தில் ஒரே விதி: அழிக்கக் கூடாது. அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை என்றால் கணினியை மூடிவிட்டுக் கோடிட்ட தாளில் எழுதுங்கள். கையால் எழுதினால் அழிப்பது மெதுவான வேலை, அடித்துவிட்டு மேலே போவது வேகமானது. விரலே சரியானதைத் தேர்ந்துகொள்ளும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கோயில் வாட்ஸ்அப் குழு திருவிழா நெருங்கும்போது ஓயாது.

ணகர னகரம், லகர ளகர ழகரம், ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயம் வந்தால் அந்தச் சொல்லுக்கு முன் ஓர் உடுக்குறி (*) போட்டுவிட்டு நகருங்கள். ஒரு சொல்லுக்காக அகராதியைத் திறந்தால் மூன்று சொல் பார்த்துவிட்டு, யூடியூபில் ஒரு சொற்பொழிவில் போய் முடியும். உடுக்குறிகளை எல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் பார்த்தால் இருபது நிமிடத்தில் தீரும்.

தெரியாத செய்திக்குச் சதுர அடைப்பு: "இந்தக் கொட்டகைக்குக் கூரை போட்டது [ஆண்டு, தலைவர் ஐயாவிடம் கேள்]." எழுதி முடித்ததும் கோப்பில் [ என்ற குறியைத் தேடினால் எல்லா ஓட்டைகளும் வரிசையாகக் கிடைக்கும். ஓட்டையோடு மேலே போகிறவர் அந்த இரவே முடிப்பார். ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் நகர்வேன் என்பவர் அதே வரியில் இருப்பார்.

கெடுவுக்குள் ஓட்டை அடைபடவில்லையா? ஊகித்து ஆண்டு போடாதீர்கள். மலரில் அச்சாகிய ஆண்டை அடுத்த மலர் எடுத்தெழுதும், அதற்கடுத்தது அதையே சான்றாகக் காட்டும். ஒரு தவறான ஆண்டு கோயிலின் வரலாறாகவே ஆகிவிடும். அந்த வாக்கியத்தை ஆண்டு இல்லாமலே நிற்கும்படி மாற்றுங்கள். முன்னோர் வந்த கப்பல், பதிவெண் போன்றவற்றுக்கு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலுள்ள குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. அங்கே தேடுவது பகல் நேரத்தில், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யும் வேலை. கடைசி இரவுக் கட்டுரை அதை நம்பி நிற்கக் கூடாது.

நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போங்கள். பத்தியை முடித்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மறுபடி ஒரு தொடக்கம் தேட வேண்டும். பாதி வாக்கியம் இருந்தால் கை தானாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும்.

ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால்

மாலை 6.30க்கு உட்கார்ந்தால் 600 சொல் கட்டுரைக்கு நேரம் இருக்கிறது. தொலைபேசியும் அந்த ஒற்றை வாக்கியப் பதிலும் 6.50க்குள். 7.00 வரை பேச்சுப்பதிவு. 7.20 வரை குறிப்பு எடுத்தல், துண்டு பிரித்தல். பிறகு இரண்டு 25 நிமிடச் சுற்றுகள், 8.20 ஆகிவிடும். எழுந்து சாப்பிடுங்கள். சாப்பிடாமல் தொடர்ந்தால் ஒன்பது மணிக்கு எழுதுவதெல்லாம் பத்து மணிக்கு அழிக்க வேண்டியதாகிவிடும். 9.00 முதல் 9.30 வரை சதுர அடைப்புகள். கேட்க வேண்டியவர்களை ஒன்பதுக்குள் கூப்பிட்டுவிடுங்கள், பெரியவர்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள். 9.30க்கு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். 10.00க்கு உடுக்குறிகள். 10.20க்கு அனுப்பிவிடலாம்.

இந்தக் கணக்கில் பெரும்பாலும் சறுக்குவது 8.20க்குப் பிறகு. வரைவு முடிந்த மகிழ்ச்சியில் முதல் பத்தியை மெருகேற்றத் தொடங்குவார்கள். அது மட்டும் ஒரு மணி நேரம் தின்றுவிடும், ஓட்டைகள் அப்படியே நிற்கும். ஓட்டைகள் முதலில், மெருகு பிறகு.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா? 600 சொல் எழுத முயலாதீர்கள். 300 சொல்லும் ஒரு படமும் போதுமா என்று கேளுங்கள். மலர்க்குழுவுக்கு ஒரு நல்ல அரைப்பக்கம் எப்போதும் பயன்படும், ஏதாவது ஒரு பக்கத்தில் இடம் மிஞ்சியே தீரும். பதிவு, குறிப்பு, ஒரே ஒரு 25 நிமிடச் சுற்று, வாய்விட்டுப் படித்தல், அவ்வளவுதான்.

உடம்பு சோர்ந்திருக்கிறது என்றால் இருபது நிமிடம் படுத்து எழுந்து தொடங்குவது நான்காவது கோப்பைத் தேநீரைவிட மேல். மாதக்கணக்கில் எதையும் எழுத முடியவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் அது இந்த வழிமுறை தொடும் விஷயம் அல்ல, மருத்துவரிடம் பேசுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

மலர் வேலை நடக்கும் மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றுதான். 2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றபோது தைப்பூசத்துக்குப் பத்தே நாள் இருந்தது.

முதல் வகுப்பு எச்சரிக்கை என்பது, மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று வர வாய்ப்புள்ள நேரத்துக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னதாக விடப்படுவது. அது கேட்டதும் மடிக்கணினியையும் மின்கலப் பெட்டியையும் (பவர் பேங்க்) முழுதாக மின்னேற்றுங்கள். வரைவு எந்த நிலையில் இருந்தாலும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு படி அனுப்புங்கள், ஆசிரியருக்கும் ஒன்று. இரண்டாம் வகுப்பில் குறிப்புத் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மூன்றாம் வகுப்பு வந்தபின் கட்டுரையை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். மின்சாரம் போன இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாளில் எழுதலாம்தான், ஆனால் சன்னல்கள் அதற்கு முன்.

தாமதமாகும் என்று தெரிந்தால்

ஒளிந்துகொள்ள வேண்டாம். கெடு கழிந்தபின் அழைப்பை எடுக்காமல் இருப்பதுதான் அடுத்த கட்டுரையின் தடையையும் இன்றே கட்டிவைக்கிறது. அந்தப் பெயரைத் திரையில் பார்த்தாலே கை நின்றுவிடும். கெடுவுக்குச் சில மணி நேரம் முன்பே, கையில் இருப்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம் ஐயா. ஏழு கறிக் கட்டுரைக்கு 600 சொல் கேட்டிருந்தீர்கள். 420 சொல் முடித்துத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மீதி நாளைக் காலை 7 மணிக்குள் வரும். அதற்குள் பக்கத்தை மூட வேண்டியிருந்தால் இதையே போட்டுக்கொள்ளுங்கள், தனியாக நிற்கும்."

இதில் மன்னிப்பு நீளமாக இல்லை, காரணமும் இல்லை. எவ்வளவு இருக்கிறது, மீதி எப்போது, வராவிட்டால் என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருக்கின்றன. பக்கம் வடிவமைப்பவருக்கு வேண்டியது அவ்வளவே. "தனியாக நிற்கும்" என்று சொல்ல வேண்டுமானால் கட்டுரை எந்தப் பத்தியில் வெட்டினாலும் முழுமையாக இருக்க வேண்டும். முடிவுரை எழுத வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அனுப்பும்போதும் மெய்ப்பு வரும்போதும்

யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் திறக்கும். மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படி) வரும் நாளில் அதைக் கண்டுபிடித்தால் முழுக் கட்டுரையையும் மாற்றி எடுக்க வேண்டிவரும். ஆவணக் கோப்பையும் அதன் பிடிஎஃப் படியையும் சேர்த்தே அனுப்புங்கள்; எது சரி என்று ஒப்பிட அச்சகத்துக்கு அது ஒன்றுதான் வழி.

பிரெஞ்சும் ஆங்கிலமுமே வடிவமைத்துப் பழகிய அச்சகத்தில் இன்டிசைன் மென்பொருளின் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான தெரிவு போடாமல் இருக்கலாம். போடாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். மெய்ப்பு கைக்கு வந்ததும் கொடி, போற்றி, தேர், கௌரி, ஸ்ரீ ஆகிய சொற்களை முதலில் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரி. வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படத்தை வைத்துச் சரிபார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள்; ஒற்றுப்புள்ளிகள் அதில் தெரியாது. பிடிஎஃப் கேளுங்கள்.

ஆள்பெயர்களைத் தனியாக ஒரு முறை பாருங்கள். பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும் குடும்பப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யாமல் அந்தக் குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் சொல்லும்படியே போடுங்கள். மெய்ப்பில் பிழையை மட்டும் திருத்துங்கள், புதிதாக வாக்கியம் சேர்க்காதீர்கள். ஒரு வரி கூடினால் அடுத்த பக்கத்து நன்கொடையாளர் பட்டியல் நகரும், அதைச் சரிசெய்ய அச்சகம் இன்னொரு நாள் கேட்கும்.